ஆனிமேரி இறங்க வேண்டிய கண்மாய்

என் மனைவி ஆனிமேரிக்கு விமானம் ஓட்டத் தெரியும். எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஊரார் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மேல் என்றுதான் சொல்கிறேன். என் பெயர் ஆரோக்கியநாதன். மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். நைல் நதி எங்கே பிறக்கிறது, இமயமலைக்கு எத்தனை அடி உயரம் என்று பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்பேன். நான் கண்ணால் பார்த்த பெரிய நதி வைகை ஒன்றுதான், அதுவும் வருஷத்தில் முக்கால்வாசி வெறும் மணல். பூகோளத்தை மேலே நின்று பார்த்தவள் என் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா பர்மாவில் தேக்கு வியாபாரம் செய்து திரும்பியவர். ஒரே மகள். மகள் கேட்டு மறுத்துப் பழக்கமில்லை. அவள் சங்கிலி கேட்டிருக்கலாம், பட்டுச்சேலை கேட்டிருக்கலாம். விமானம் பழக வேண்டும் என்று கேட்டாள். மனுஷன் சென்னைக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். துரைமார்கள் பழகுகிற இடத்தில் இவள் ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்று, முப்பத்தொன்றாம் வருஷம் லைசென்ஸும் வாங்கிவிட்டாள். பழைய விமானம் ஒன்றையும் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்பா கண்ணை மூடிவிட்டார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. இறக்கைகள் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டியவை. கயிற்றுக் கட்டிலுக்குப் போர்வை போர்த்தினாற்போல இருக்கும். அதில் ஏறித்தான் என் பெண்டாட்டி ஆகாயத்துக்குப் போனாள்.

இப்படிப்பட்ட பெண்ணை யார் கட்டுவான்? நான்தான் கட்டினேன். பெண் பார்க்கப் போனபோது அவள் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, குடும்பத்தைக் கேட்கவில்லை. "உங்களுக்கு மேப்பு நல்லாப் போட வருமாமே?" என்று கேட்டாள். வரும் என்றேன். அதோடு சம்மதம் ஆகிவிட்டது. ரயில் தண்டவாளத்தையும் ஆற்றையும் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் விமானம் ஓட்ட வேண்டும். எந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மலை, எந்தப் பாலம் தாண்டியதும் கோபுரம் என்று துணி ஒட்டிய தாளில் வரைந்து கொடுப்பேன். அதை மடித்துத் தொடையில் கட்டிக்கொண்டு போவாள். விமானம் அவளுக்கு மூத்த தாரம், நான் இளைய தாரம், மேப்பு நான் கொண்டுவந்த சீர். இப்படித்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

அவள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. தனுஷ்கோடி மணலில் இறங்கி, சக்கரம் புதைந்து, வலைக்காரர்கள் படகை இழுப்பதுபோல 'ஏலேலோ' போட்டு இழுத்துவிட்டார்கள். மேலூர்ப் பக்கம் எஞ்சின் நின்று ஓர் ஊர் மந்தைவெளியில் இறங்கியபோது, அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள், ஓடிப்போய்விடுமோ என்று விமானத்தை முளையடித்து மாட்டுக்கயிற்றால் கட்டிவைத்துவிட்டார்கள். கொடைக்கானல் மலையடிவாரத்தில் புயல்காற்றில் சிக்கி முகமெல்லாம் எண்ணெய் வழிய வந்து சேர்ந்தாள். ஆகாயத்திலிருந்து சினிமா நோட்டீஸ் போட்டாள். மூச்சுத் திணறிய ஒரு ஜமீன்தாரை முன் சீட்டில் உட்காரவைத்துச் சென்னை டாக்டரிடம் கொண்டுசேர்த்தாள். அவர் பிழைத்துவிட்டார். திரும்பி ரயிலில்தான் வந்தார், அது வேறு விஷயம்.

நான் என்ன செய்தேன்? ஒத்தக்கடையில் மாமனார் நிலத்தில் ஓலைக் கொட்டகை போட்டு விமானத்தை நிறுத்தியிருந்தோம். யானைமலையைப் பார்த்தபடி அங்கே குடையோடு நிற்பேன். கீழே நிற்பவனுக்கு வேறு என்ன வேலை? அண்ணாந்து பார்க்க வேண்டும், கழுத்து வலிக்க வேண்டும், சத்தம் கேட்டதும் மாதாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவள் இறங்கி வந்ததும் சள்ளென்று விழுவேன். "இம்புட்டு நேரமா?" என்பேன். "வந்துட்டேன்ல" என்பாள்.

முப்பத்தொன்பதாம் வருஷம் அவள் மனசில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் மதுரையிலிருந்து கராச்சிக்குத் தனியாகப் போய்த் திரும்ப வேண்டும். பெட்ரோலுக்கும், வழியில் இறங்குவதற்கும் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாள். கராச்சி மேப்பை நான் வரைந்து கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். ஈரத்தலையோடு அதன் முன்னால் நின்று விரலால் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே போவாள். "இதை முடிச்சுட்டேன்னா போதுங்க. அப்புறம் நீங்க சொல்றபடி வீட்ல உக்காந்துக்கிறேன்" என்பாள். நான் நம்பியதில்லை. நம்பாமல்தான் வரைந்து கொடுத்தேன்.

அந்த வைகாசியில்தான் அம்பலம் கருப்பு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாகமலைப் புதுக்கோட்டைக்குத் தெற்கே, மலையோரத்தில் ஒரு சின்ன ஊருக்குப் பெரியதனக்காரர். கடா மீசை, குழந்தைச் சிரிப்பு. கூடவே பூத்தோட்டக்காரி சீனியம்மாள், இடுப்பில் மகளோடு. அவர்கள் ஊர்ப் பெருமாள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். விமானத்திலிருந்து கோபுரத்துக்குப் பூமாரி பொழிய வேண்டுமாம்.

"பூவப் போடுறதுக்கு மட்டுமில்ல தாயி" என்று கருப்பு தயங்கித் தயங்கிச் சொன்னார். "கும்பாபிசேகம்னா கருடன் வந்து கோபுரத்தச் சுத்தணும். போன தடவ வரல. அண்ணாந்து பாத்துப் பாத்து ஊரே கண்ணு பூத்துப்போச்சு, ஒரு காக்காகூட வரல. அன்னியிலிருந்து ஊரு வெளங்கல. மூணு வருசமா மழை இல்ல. நீங்க ஒரு மூணு சுத்து சுத்திக் குடுத்தீகன்னா..."

"ஏம்ப்பா, நாங்க வேதக்காரவுக. எங்க ஏரோப்ளேன் ஒங்க கருடனா?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"சாமி எதுல வரும்னு யாரு கண்டா வாத்தியாரய்யா" என்றாள் சீனியம்மாள். அவள் இடுப்பிலிருந்த பிள்ளை என் மூக்குக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனிமேரி சிரித்துவிட்டாள். சிரித்தால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் பங்குச் சாமியார் கேள்விப்பட்டு முகத்தைச் சுளித்தார். "மழை வேணும்னு கேக்குற ஜனத்துக்குப் பூப் போடுறதுல என்ன சாமி பாவம்?" என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்தாள்.

இறங்குவதற்கு ஊர்க் கண்மாயைப் பார்த்துவைத்தாள். தண்ணீர் வற்றி, மண் இறுகிக் கிடந்தது. நடுவில் நீளமாக ஒரு திட்டு மேடு பள்ளம் இல்லாமல் இருந்தது. கருவேலங்கன்றுகளை வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டு, காற்று எந்தப் பக்கம் என்று தெரிய மூங்கிலில் ஒரு வேட்டியைக் கட்டச் சொன்னாள். கண்மாயைச் சுற்றி வேறு இடமே கிடையாது. ஒரு பக்கம் நாகமலைப் பாறை, ஒரு பக்கம் பனங்காடு, மற்றதெல்லாம் வரப்பும் கிணறும். கருப்பைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள்: "அண்ணே, நான் எறங்கும்போது இந்தக் கோட்டுக்குள்ள ஒருத்தரும் நிக்கக் கூடாது. நின்னா நான் எறங்க முடியாது."

"ஒரு ஈ, காக்கா வராது தாயி. நான் பொறுப்பு" என்று கருப்பு மார்பில் அடித்துச் சொன்னார். பொய் சொல்கிற மனிதர் இல்லை.

முதல் நாளே விமானத்தைக் கண்மாய்க்குக் கொண்டுவந்துவிட்டாள். விடிந்ததும் சீனியம்மாள் பூ மூட்டைகளோடு வந்தாள். வாடாமல் இருக்க ஈரச் சாக்கில் மல்லிகை, அரளி, துளசி என்று கட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொன்றும் கல் மாதிரி கனத்தது. அது போதாதென்று ஒரு பித்தளைக் குடத்தில் தீர்த்தம். அதையும் மேலே இருந்து ஊற்ற வேண்டுமாம். முன் சீட்டில் எல்லாவற்றையும் வைத்துக் கட்டினோம். இவ்வளவு பாரத்தோடு அந்தச் சின்னத் திட்டில் எழும்ப முடியாது என்று ஆனிமேரி பெட்ரோலைக் குறைத்துக்கொண்டாள். "போறேன், மூணு சுத்து, வாரேன். எறங்கி மிச்சத்த ஊத்திக்கலாம்" என்றாள். மிச்ச பெட்ரோல் தகர டின்களில் என் காலடியில் இருந்தது. அன்று முழுக்க அது அங்கேயேதான் இருந்தது.

எழும்பினாள். கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம். கரைமேல் நின்றால் கோபுரமும் ஜனத்திரளும் தெரியும். சுத்துப்பட்டு ஊர் பூராவும் அங்கேதான் இருந்தது. ஆனிமேரி ஒரு சுற்று வந்தாள், "கோவிந்தா" என்று ஒரு சத்தம் கிளம்பியது. இரண்டாவது சுற்றில் குடம் கவிழ்ந்தது. மூன்றாவது சுற்றில் பூ. வெள்ளையாக, சிவப்பாக, காற்றில் சாய்ந்து சாய்ந்து கோபுரத்தின் மேல் விழுந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது, உள்ளதைச் சொன்னால் என்ன. அது முடிந்து விமானம் கண்மாய்ப் பக்கம் மூக்கைத் திருப்பியது.

அப்போதுதான் ஜனமும் திரும்பியது.

கோயில் வாசலிலிருந்து ஒருவன் ஓடினான். பிறகு பத்துப் பேர். பிறகு ஊர். 'கருடன் கண்மாயில எறங்குது!' என்று எவனோ கத்தியிருக்கிறான். அழகர் ஆற்றில் இறங்கினால் இந்தச் சீமைக்காரன் என்ன செய்வான்? அவர் கால் வைக்கிற இடத்தில் தானும் நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர் தன் மேல் படவேண்டும் என்று முண்டியடிப்பான். அதே வழக்கம்தான். கரையேறி, கரையிறங்கி, கண்மாய்க்குள் வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேதான் வந்து நின்றார்கள். கோடு போட்டிருக்கிறதே, சாமி வரும் பாதை அதுதானே! கோட்டுக்கு வெளியே மேடும் பள்ளமும் கருவேலமுமாக எவ்வளவோ கண்மாய் கிடந்தது. அங்கே ஒருத்தர்கூட நிற்கவில்லை.

நான் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "போங்கய்யா! வெளிய போங்க! கோட்டத் தாண்டிப் போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். குடையால் இரண்டு பேரை அடித்தேன். அடி வாங்கியவன் கும்பிட்டான். கருப்பு எங்கேயென்று தேடினேன். அவர் கூட்டத்தின் முன்னால் கண்ணீர் வழிய, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து நின்றார். வேட்டியைப் பிடித்து உலுக்கினேன். "கருப்பு! நீ பொறுப்புன்னு சொன்னியேய்யா!"

"நாலாவது சுத்து வாத்தியாரய்யா!" என்றார் அவர். "கேட்டது மூணு. குடுக்குறது நாலு!"

ஆனிமேரி தாழ வந்தாள், ஜனத்தைப் பார்த்தாள், மறுபடி மேலே ஏறினாள். அவர்கள் விலகுவார்கள் என்று நினைத்திருப்பாள். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அந்தச் சமயம் ஒத்தக்கடைக்குத் திரும்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பாள். ஆனால் மனிதர்கள்தானே, விலகிவிடுவார்கள் என்று ஐந்தாவது தடவை சுற்றினாள். ஆறாவது தடவை சுற்றினாள். சுற்றச் சுற்ற, கோயிலில் மிச்சமிருந்த ஜனமும் வந்து சேர்ந்தது. கும்பாபிஷேகத்துக்குக் கருடன் இத்தனை சுற்று சுற்றி எந்த ஊர்க்காரன் பார்த்திருக்கிறான்? அவள் 'போங்கள்' என்று கையை ஆட்டினாள். இவர்கள் எல்லோரும் கையை ஆட்டினார்கள்.

நான் மூங்கிலைப் பிடுங்கி வேட்டியோடு சுழற்றினேன். ஓடினேன், விழுந்தேன், எழுந்து ஓடினேன். வாயில் நுரை தள்ளியிருக்க வேண்டும். கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டது. "வாத்தியாருக்கு அருள் வந்துருச்சுடோய்!" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான். இரண்டு தடியன்கள் பின்னாலிருந்து என் இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள், சாமியாடியைப் பிடிப்பார்களே, அந்த மாதிரி. ஒருத்தன் தலையில் தண்ணீர் ஊற்றினான். ஒருத்தன் வேப்பிலையைக் கையில் திணித்தான். உறுமிக்காரன் ஓடிவந்து என் காதுக்குப் பக்கத்திலேயே நின்று அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

"விடுங்கடா! நான் சாமியாடி இல்லடா! பெட்ரோல் தீர்ந்துரும்டா!" என்று கதறினேன்.

"என்னமோ கேக்குது சாமி, என்னன்னு கேளுங்கப்பா" என்றான் துண்டைப் பிடித்தவன், ரொம்பப் பணிவாக.

திமிறத் திமிற இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். பாவிகளே என்று திட்டினேன். அதையும் வாக்கு என்று கேட்டுக்கொண்டார்கள். என் பெண்டாட்டி என் தலைக்கு மேலே சாகப்போகிறாள், நான் ஈரத்தலையும் வேப்பிலையுமாக உறுமிக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் இப்படி ஒரு கதி வரக் கூடாது.

அப்போது ஆனிமேரி ஒன்று செய்தாள். கரைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி, எஞ்சின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துக்கொண்டு, பனைமரத்து உயரத்துக்கு இறங்கி எங்களை நோக்கி மிதந்து வந்தாள். காற்றுக்காகப் போட்டிருந்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உடம்பை வெளியே சாய்த்து, வாயைத் திறந்து கத்தினாள். வாய் அசைந்தது எனக்கு மங்கலாகத் தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. காதில் உறுமி.

அந்த நிமிஷம் அத்தனை ஜனமும் தடதடவென்று தரையில் விழுந்தது. நெடுஞ்சாண்கிடையாக, தலைக்குத் தலை இடிக்க, சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓர் அடி இடமில்லாமல் விழுந்து கிடந்தது. என்னைப் பிடித்திருந்தவர்களும் விழுந்தார்கள். அவர்களோடு நானும் விழுந்தேன். விமானம் அவ்வளவு தாழ வந்ததால் பயந்து விழுகிறார்கள் என்று நினைத்தேன். வெடிப்பு விட்ட மண்ணில் முகம் அழுந்திக் கிடந்தேன். சக்கரத்தின் நிழல் எங்கள் முதுகுகளின் மேல் ஓடிப் போயிற்று. நின்றவர்களாவது ஓடக்கூடும். கிடப்பவர்கள் எங்கே ஓடுவது?

அவள் மறுபடி மேலே ஏறினாள். இன்னொரு தடவை அதே மாதிரி வந்து கத்தினாள். எழுந்த நாலு பேரும் விழுந்தார்கள்.

பிறகு எஞ்சின் இருமியது. மறுபடி இருமி நின்றுவிட்டது.

எஞ்சின் நின்றுவிட்டால் வெகுதூரம் போக முடியாது, இதை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். கைக்கெட்டும் தூரத்தில் கண்மாய் இருந்தது. அதில் இறங்கத் தகுந்த இடம் பூராவும் மனிதர்கள் கிடந்தார்கள். கோட்டுக்குள் இறங்கியிருந்தால் அவள் தப்பியிருப்பாள், முப்பது நாற்பது பேர் செத்திருப்பார்கள். ஆனிமேரி விமானத்தை மலைப் பக்கம் திருப்பினாள். சத்தமே இல்லாமல் போயிற்று. கரையைத் தாண்டி, கருவேலங்காட்டை உரசி, பாறைக்குள் போய் விழுந்தது. அந்தச் சத்தம் மட்டும் எனக்கு உறுமியையும் மீறிக் கேட்டது.

அவளைக் கட்டிலில் வைத்து நாகமலைப் புதுக்கோட்டை ரோட்டுக்குத் தூக்கிவந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கருப்பும் ஒரு பக்கம் தூக்கினார். நான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே நடந்தேன். ஆனிமேரிக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. பிழைத்தாள். வலது கால் செத்துவிட்டது. ஊசியால் குத்தினாலும் தெரியாது, அசைக்கவும் முடியாது. அந்த வருஷமே சண்டை வந்து, சொந்த விமானம் வைத்திருந்தவர்களும் பறக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. "பாத்தியா, எப்படியும் கராச்சி போயிருக்க முடியாது" என்று ஆறுதல் சொன்னேன். இதெல்லாம் ஓர் ஆறுதலா? அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்து மறுகால் போயிற்று. சும்மா இருப்பார்களா? விமானத்தின் விசிறித் துண்டு ஒன்றைப் பாறையிலிருந்து எடுத்துவந்து, சந்தனம் பூசி, பட்டுத்துணி சுற்றிக் கருடன் சந்நிதியில் வைத்துவிட்டார்கள். வருஷா வருஷம் வைகாசியில் கூட்டமாக எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் விழுந்து கும்பிடுவார்கள். நான் விரட்டுவேன். "கொன்னுட்டு வந்து கும்பிடுறீகளா?" என்று கேட்பேன். கொண்டுவந்த பூவையும் பழத்தையும் படியில் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? போலீஸில் சொல்லவா, கும்பிட்டார்கள் என்று?

ஆனிமேரிக்குப் பிடிமானம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "அவங்களுக்குக் கேக்கலைங்க. எஞ்சின் சத்தம், கொட்டுச் சத்தம். கேட்டிருந்தா வெலகியிருப்பாங்க" என்பாள். நானும் ஆமாம் என்பேன். சண்டைக் காலத்தில் மதுரைக்கு மேல் விமானங்கள் போகும். ஊன்றுகோலோடு ஜன்னலுக்குப் போய், சத்தத்தை வைத்தே என்ன எஞ்சின் என்று சொல்வாள். சத்தம் தேய்ந்த பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்: "இன்னும் கொஞ்சம் தாழ வந்து கத்தியிருக்கணும். கேட்டிருக்கும்." கராச்சி மேப்பைக் கழற்ற விடவில்லை. அது சுவரிலேயே பழுத்துப்போயிற்று.

நாற்பத்தாறாம் வருஷ வைகாசியில் சீனியம்மாள் தனியாக வந்தாள். கருப்பு காலமாகிவிட்டார் என்று சொன்னாள். நான் பின்கட்டில் முகம் வழித்துக்கொண்டிருந்தேன். வந்து விரட்டுவதற்குள் ஆனிமேரி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டாள். நாற்காலியில் அவள், தரையில் சீனியம்மாள், நடுவில் ஒரு பந்து மல்லிகை.

"மக எப்படி இருக்கா? அன்னிக்கு இடுப்புல இருந்தாளே" என்று ஆனிமேரி கேட்டாள்.

"பூக்கட்டுறா தாயி. நீ சுத்துனத எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறா."

ஆனிமேரி, ஊர்க்காரர் ஒருவரிடமும் இதுவரை சொல்லாததைச் சொன்னாள். "அன்னிக்கு நான் மேல இருந்து கத்துனேன் சீனியம்மா. உங்க யாருக்கும் கேக்கல."

"கேக்காம என்ன தாயி?" என்றாள் சீனியம்மாள். "கணீர்னு கேட்டுச்சே."

நான் சவரக்கத்தியும் சோப்புமாகப் பின்கட்டு வாசல்படியில் நின்றுவிட்டேன்.

"என்ன கேட்டுச்சு?" என்றாள் ஆனிமேரி. அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தள்ளிப் போங்க, எல்லாரும் தள்ளிப் போங்கன்னு சொன்னே. ரெண்டு தடவ சொன்னே. எம் புள்ளைக்குக்கூடக் கேட்டுச்சு. அதக் கேட்டுத்தானே அம்புட்டுப் பேரும் விழுந்தோம்."

"கேட்டும் ஏன்டி போகல?" என்று நான் அலறினேன். "போன்னு சொன்னா போக வேண்டியதுதானே! தமிழ்லதானே சொன்னா!"

சீனியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு படித்தவன் இது தெரியாமல் இருக்கிறானே என்று நினைத்திருக்க வேண்டும்.

"சாமி கோவிச்சுக்கிட்டுப் போன்னு சொன்னா, போயிருவாகளா வாத்தியாரய்யா? என்ன தப்புச் செஞ்சமோன்னு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு எங்களுக்கு. ஏற்கனவே மூணு வருசமா மழை இல்ல. அதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருச்சுன்னா எங்க கதி என்ன? மனசு எறங்குற மட்டும் காலப் புடிச்சுக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான். அப்பிடித்தான் கெடந்தோம்."

ஆனிமேரியைப் பார்த்தேன். ஏழு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தது கையை விட்டுப் போய், வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இன்னும் தாழ வந்து, இன்னும் பலமாகக் கத்தியிருந்தால், இன்னும் கெட்டியாகத்தான் கிடந்திருப்பார்கள்.

"அன்னிக்குக் காலு எட்டல தாயி. அம்புட்டு ஒசரத்துல இருந்தே" என்று சொல்லிக்கொண்டே சீனியம்மாள் நகர்ந்து முன்னால் வந்தாள். இரண்டு கையாலும் ஆனிமேரியின் வலது பாதத்தைப் பிடித்து, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

ஆனிமேரி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். தொடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அந்தக் கால் வரவில்லை.